உன் அக்கா வெட்டிய சாணக்குழி

மேலக்குடிப்பட்டி,
திருமயம் தாலுகா.
12-11-1962

மதராசில் சகல நலத்துடன் இருக்கும் அன்பு மாப்பிள்ளை மலையாண்டிக்கு, உன் மச்சான் சிவசாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா உண்ணாமலையும் நான்கு மாடுகளும் நலம். அங்கே உன் வீட்டார் நலத்துக்கும் ஆண்டவன் துணையிருக்கட்டும்.

நலம் என்று எழுதியது மரியாதைக்காக. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற உன் மச்சான், இப்போது விடிந்தால் முழங்கை வரை சாணியோடு நிற்கிறேன். நீ உடனே புறப்பட்டு வந்து உன் அக்காவுக்குப் புத்தி சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை.

சித்திரையில் அவளுக்குக் கண் எரிச்சல் தாங்காமல் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். "அடுப்புப் புகைய விடலேன்னா பார்வை போயிரும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் நான் ஆண்டவனை வேண்டிக்கொண்டே வந்தேன். அவளோ அடுத்த வாரம் பிளாக் ஆபீஸ் கண்காட்சிக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே கிராம சேவக் ஆத்மநாதன் ஓர் அடுப்பைக் காட்டி, சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றி மூடினால் வாயு கிளம்பும், அது புகையில்லாமல் எரியும் என்றாராம். வீட்டுக்கு வந்ததும், "கொல்லையில குழி வெட்டப் போறேன்" என்றாள். "சாணி வாயுவுல ஆக்குன சோத்த மனுஷன் திங்கிறதா?" என்று நான் குதித்தேன். "முப்பது வருஷமா வறட்டியில ஆக்குனதத்தானே திங்கிறீங்க? அதென்ன சந்தனக் கட்டையா?" என்றாள். ஆபீசில் எத்தனையோ மனுக்களுக்குப் பதில் எழுதியவன் நான். இந்த மனுவை அப்படியே சாங்ஷன் செய்துவிட்டேன்.

கிணறு வெட்டும் ராக்கன் வந்தான். நம் ஊர்ச் செம்பாறை உனக்குத் தெரியும், ஆறடியில் கடப்பாரை வளைந்தது. அவன் மேலே ஏறி வந்து, "ஆச்சி, போதுங்க" என்றான். உன் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். பாவம், அவன் அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டான். பன்னிரண்டடி ஆழம் முடிந்து, உள்ளே செங்கல் கட்டி, குழிக்கு மேல் கவிழ்க்கிற இரும்புத் தொட்டி வண்டியில் வந்தபோது, பக்கத்து வீட்டிலிருக்கும் என் தங்கை காத்தாயி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மதினிக்குக் கண்ணோட சேத்துப் புத்தியும் மங்கிருச்சு. இனி இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாணி கரைத்து ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. குழியை நிரப்பி இருபது நாளாகியும் ஒன்றுமில்லை. உன் அக்கா தினமும் தொட்டியின் மேல் கை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் நான் பூவரச நிழலில் அந்தத் தொட்டி மேலேயே உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். உட்காரும்போது தரையில் பதிந்திருந்த என் கால், விழித்தபோது ஒரு சாண் உயரத்தில் தொங்கியது! தொட்டி என்னையும் தூக்கிக்கொண்டு எழும்பியிருக்கிறது. "உண்ணாமலை!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் ஓடிவந்து, "அய்யோ, வாயு வந்திருச்சு!" என்று கைதட்டினாள். எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவேயில்லை.

முதல் வாயுவில் வெளிக்காற்று கலந்திருக்கும், பற்ற வைத்தால் வெடிக்கும் என்று அதைத் திறந்து விட்டாள். அடுத்து வந்ததைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுவந்து தீக்குச்சி கிழித்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. "எங்கே நெருப்பு?" என்று விரலை நீட்டினேன். இருந்தது, மாப்பிள்ளை. நீலமாக, கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. விரல் ஆற எட்டு நாளாயிற்று. பிறகு ஒருநாள் அடுப்பு விக்கி விக்கி எரிந்தது. ஆத்மநாதனுக்கு ஆள் அனுப்பலாம் என்றேன். அவர் வருவதற்குள், குழாயின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதைத் தானே கண்டுபிடித்துக் கழற்றி வடித்துவிட்டாள். அவர் வந்து பார்த்துவிட்டு அவளைக் கும்பிட்டார்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் விடாத அடைமழை. விறகு, வறட்டி எல்லாம் ஊறிப்போய்த் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. அன்று காலையில்தான் காத்தாயியின் மருமகள் நாச்சம்மைக்கு வலி கண்டது. மருத்துவச்சி வெந்நீர் கேட்கிறாள். காத்தாயி ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு நனைந்துகொண்டு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"மதினி, நான் பேசுனத மனசுல வச்சுக்காத. வெந்நி வேணும்."

"அங்கிட்டு ஏன் நனையிற? அண்டாவக் கொண்டா."

திருகினாள், பற்ற வைத்தாள். அண்டா அண்டாவாக வெந்நீர் போய்க்கொண்டேயிருந்தது. பத்து மணிக்குப் பிள்ளைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். காத்தாயி எங்கள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, "புகையே காணமே மதினி" என்று அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புகை மேல் பழி போடக்கூட வழியில்லை. உன் அக்காவோ இப்போது ஊசியில் தானே நூல் கோக்கிறாள்.

இப்போது காத்தாயிக்கும் குழி வேண்டுமாம். "வெட்டித் தாரேன். கரைக்கிறதுக்கு ஒங்க அண்ணன் இருக்காக" என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள். இதைத் தடுக்கத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் கிடைக்க என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
சிவசாமி

பி.கு.: இதை உன் அக்கா படித்துவிட்டு, "நீங்க கஷ்டப்பட வேணாம்" என்று இன்று காலை கரைக்கும் வேலைக்கு ராக்கனை வைத்தாள். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயல் கட்டி கட்டியாக விடுகிறான், வைக்கோலைப் பொறுக்குவதேயில்லை. கழியை நானே வாங்கிக்கொண்டேன். ஆகவே நீ வந்து யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். சும்மா வருவதானால் வா. வீட்டில் நான் இல்லையென்றால் காத்தாயி கொல்லையில் பார், குழிக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பேன்.