பின் வாங்கியவர்

வீரம் போர்க்களத்தில் பிறக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும். வீரம் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு வலப்பக்கம், கழிவறைக்கு எதிர் அறையில் பிறக்கிறது. போர்க்களத்தில் நடப்பது வெறும் சண்டை. அதைக் கழுவித் துடைத்து, வார்த்தை சேர்த்து, நாடா கட்டி, 'வீரம்' என்று சான்றளிப்பவர்கள் நாங்கள். எங்கள் முத்திரை விழாதவரை செத்தவர்கூட சும்மா செத்தவர்தான்.

இரட்டைக் கதவில் நீளமாக 'வீர விருதுகள் பிரிவு' என்று எழுதியிருக்கும். ஒரு கதவைத் திறந்தால் 'வீர' சுவரோரம் போய் மறைந்துகொள்ளும். 'விருதுகள் பிரிவு' மட்டும் தெரியும். பெரும்பாலும் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும்.

எங்கள் மேலதிகாரிக்கு 'ரிப்பன் சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, பெற்றவற்றைப் பார்த்து நாங்கள் வைத்தது. இடது மார்பில் இடம் போதாமல் பதக்கங்கள் அக்குள்வரை குடியேறியிருக்கும். நடந்தால் சாவிக்கொத்து நடந்து வருவதுபோல் சத்தம் வரும். போர்முனைக்கு அவர் போனதில்லை. அது அவருடைய குற்றமல்ல. ஒவ்வொரு முறையும் அவர் விடுப்பில் இருக்கும்போதே போர் தொடங்கிவிட்டது. ஆனால் அவரிடம் நீண்ட சேவைப் பதக்கம் உண்டு. பதக்கக் குழுவில் அமர்ந்ததற்குப் பதக்கம் உண்டு. அந்தக் குழுவைச் சச்சரவின்றிக் கலைத்ததற்கும் ஒன்று உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தன் மார்பையே பாடப் புத்தகமாக நிமிர்த்திக்கொண்டு எனக்கு வகுப்பெடுத்தார்.

"ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்மா. சிவப்பு, சிந்தின ரத்தம். நீலம், வானம். வெள்ளை, தூய்மை."

"இந்தப் பழுப்பு எதுக்கு சார்?"

குனிந்து பார்த்தார். "அது டீ கொட்டினது."

நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுபவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதிக்க வைத்தவன் என் அண்ணன். "ரெண்டு பேரும் படிக்க வீட்டுல வழியில்ல. நீ படி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இராணுவச் சமையலறைக்குப் போனான். அங்கே அவன் வெங்காயம் உரித்தான். இங்கே நான் வாக்கியம் உரிக்கப் பழகினேன். இரண்டிலும் கண்ணில் தண்ணீர் வரும். அவன் உரித்ததையாவது சாப்பிடலாம்.

எல்லையில் அவனுடைய முகாம் தாக்கப்பட்டது. ஒரு இளம் கேப்டன் காலில் குண்டு வாங்கித் திறந்த வெளியில் கிடந்தார். அண்ணன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். முதுகில் ஏற்றிச் சுமந்தால் அடுத்த குண்டு கேப்டன் மேல் பாயும் என்று, அழும் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு ஓடிவந்தான். கேப்டனின் தாடை அவன் தோளில். குண்டுகள் அவன் முதுகில். இருவரும் பிழைத்தார்கள். பிழைத்ததுதான் சிக்கல், இருவருடைய கோப்புகளும் ஒன்றாக எங்கள் மேசைக்கு வந்தன.

எங்கள் விதி மிகத் தெளிவானது: 'வீரச்செயல் எதிரியின் முன்னிலையில் நிகழ்த்தப்பட்டிருக்க வேண்டும்.'

கூட்டத்துக்குக் குறியீட்டு நிபுணர் வந்திருந்தார். மின்விசிறி நின்றால்கூட அதற்கு உட்பொருள் சொல்லக்கூடியவர். பலகையில் இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தார்.

"கேப்டன் முகம் எந்தப் பக்கம் இருந்தது?"

"சமையல்காரர் தோளுக்கு மேல, எதிரியைப் பார்த்து" என்றேன்.

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்."

ரிப்பன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு நொடிகூட எதிரிகிட்டேருந்து முகத்தைத் திருப்பல! இதுய்யா வீரம்!"

"அவரால திரும்ப முடியாது சார். அவரைத் தூக்கிட்டுதானே வந்தாங்க."

"சமையல்காரர் முகம்?" என்றார் நிபுணர்.

"முகாமைப் பார்த்து."

"அப்போ எதிரி?"

"முதுகுக்குப் பின்னால."

நிபுணர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். தீர்ப்பு சொல்லும் குரலில் சொன்னார். "எதிரி முன்னிலை வகிக்கல. பின்னிலை வகிச்சிருக்கார்."

"முதுகுல சுமந்திருந்தா இந்தக் காயமே பட்டிருக்காதே?" என்று ரிப்பன் சார் வருத்தப்பட்டார்.

"கேப்டன் செத்திருப்பார் சார்."

"அது கேப்டனுக்கு இன்னும் பெரிய பதக்கம்மா. அதையும் இந்த ஆளு கெடுத்துட்டான்."

"சார், அந்த ஆளு என் அண்ணன்."

பக்கத்தில் இருந்த எங்கள் பிரிவின் சூப்பரின்டெண்ட் அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ரிப்பன் சார் மட்டும் கலங்கவில்லை. "அடடா. அப்போ நீ கருத்தே சொல்லக் கூடாதும்மா. நடுநிலை ரொம்ப முக்கியம். குறிப்பு மட்டும் எழுது."

எழுதினேன். கேப்டனுக்கு 'நேர்முக வீரப் பதக்கம்'. அண்ணனின் பணிப் பதிவில் ஒரே சொல்: 'பின்வாங்கினார்.'

அந்தச் சொல் இருக்கும்வரை அவன் சமையலறைக்குத் திரும்ப முடியாது. பதக்க விழா முடிந்ததும் வேலையிலிருந்து நீக்கம். அதுவரை 'இலகு பணி', அதாவது அரசு விழாக்களில் டீ கொடுப்பது. சொல்லை எடுக்க ஒரே வழி, சம்பவத்தைக் கண்ட சாட்சி தன் வாயால் சொல்ல வேண்டும். கண்டவர் கேப்டன் ஒருவர்தான். கேட்டோம். 'ஞாபகமில்லை' என்று பதில் வந்தது. பதக்கம் வரும் வழியில் ஞாபகம் போகிற வழியும் இருக்கிறது போலும்.

வீட்டில் அண்ணன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். அம்மா அவன் உடம்பைச் சுற்றிக் கட்டுத்துணியை இறுக்கி, நுனியை விலாப்பக்கமாகக் கொண்டுவந்து ஒரு சேஃப்டி பின்னைக் குத்தினாள்.

"வலிக்குதாண்ணா?"

"சிரிச்சாதான் வலிக்குது. உன் ஆபீஸ் கதை எதுவும் சொல்லாதே."

"அந்த கேப்டன் வீட்டு வாசல்ல போய் நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் அம்மா.

"வேணாம்மா. எனக்குப் பதக்கமும் வேணாம்." தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லு. முதுகு ஆறிடும். அது ஆறாது."

அடுத்த கூட்டம் பதக்கத்தின் வடிவம் பற்றி. முன்பக்கத்தில் எதிரியை முறைக்கும் ஒரு முகம் என்று முடிவானது. பின்பக்கத்தில் என்ன போடுவது என்று காலைமுதல் பேசினோம். வீரனுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ள முடியாது என்றார் நிபுணர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்போ அதுல குத்துற பின் மட்டும் எதுக்கு சார்? பின்னடைவு, பின்தங்கல், பின்வாங்கல். 'பின்'னுல ஆரம்பிக்கிற எதுவும் வீரனுக்கு நல்லதா இல்லையே."

கிண்டல் என்று நெற்றியில் எழுதி ஒட்டினாலும் படிக்கத் தெரியாத அறை அது. நிபுணர் எழுந்தே நின்றுவிட்டார். "எவ்வளவு ஆழமான பார்வை! இத்தனை வருஷம் எனக்கு இது தோணலையே!"

"சார், அது இங்கிலீஷ் பின். தமிழ் பின் வேற" என்றார் சூப்பரின்டெண்ட் அக்கா.

"எதிரிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டார் ரிப்பன் சார்.

"பின் இல்லாம சட்டையில எப்படி சார் நிக்கும்?" என்றேன்.

"வீரன் மார்புல பதக்கம் தானா நிக்கும். நிக்கலைன்னா அவன் வீரனே இல்ல. எழுதும்மா: இனி பதக்கத்தில் பின் கூடாது."

"உங்க பதக்கத்துலயும் கழட்டிடலாமா சார்?"

மார்பைக் கையால் மூடிக்கொண்டார். "முன்னாடி வாங்கினதுக்கு இது பொருந்தாது."

அழைப்பிதழ் தங்க எழுத்தில் அச்சானது. 'தலைமை: மாண்புமிகு அமைச்சர்' ஒரே வரியில் அடங்கிவிட்டது. 'முன்னிலை' என்று போட்டு அதற்கு நேரே ரிப்பன் சாரின் முழுப் பெயர், பட்டங்கள், பதக்கங்களின் சுருக்கெழுத்துகள் என்று ஒரு பத்தியே ஓடியது. அச்சகத்துக்கு அவரே நேரில் போய் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு வந்தார். "முன்னிலைன்னா சும்மாவா?" என்று என்னிடம் கேட்டார். சும்மா இல்லை என்பது எனக்கும் பிறகு புரிந்தது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடை ஓரத்தில், மடியில் குறிப்புத் தாளுடன். அண்ணன் கடைசி வரிசைக்கும் பின்னால், டீத் தட்டுடன். மேடைப் பக்கமே அவன் வரக் கூடாது என்று ரிப்பன் சார் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். மண்டபத்துக்கே தீட்டு ஒட்டிவிடும் என்பதுபோல.

கேப்டன் ஊன்றுகோலோடு மேடையேறினார். கைதட்டல் அதிர்ந்தது. அமைச்சர் பதக்கத்தை எடுத்து அவர் மார்பில் வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். 'ணங்' என்று விழுந்தது.

மறுபடி வைத்தார். கொஞ்சம் தட்டிக்கூடக் கொடுத்தார். 'ணங்.'

மூன்றாம் முறை அது உருண்டு ரிப்பன் சாரின் காலடிக்குப் போனது. அவரால் குனிய முடியவில்லை; பாரம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"என்னய்யா இது? பின் எங்கே?" என்றார் அமைச்சர்.

எங்கள் தீர்மானத்தை அமைச்சருக்கு விளக்க யாருக்கும் வீரம் வரவில்லை. ரிப்பன் சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "யாராவது ஒரு பின் கொடுங்கய்யா! ஒரே ஒரு பின்!"

அமைச்சரின் பார்வை மெல்ல நகர்ந்து, வரிசை வரிசையாகப் பின் குத்தியிருந்த ரிப்பன் சாரின் மார்பில் போய் நின்றது. ரிப்பன் சார் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு டீத் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டைக்குள் கையை விட்டான். கட்டுத்துணியில் அம்மா குத்தியிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தான். அவிழ்ந்த துணியின் ஒரு முனை சட்டைக்குக் கீழே தொங்கியது.

"டேய், யாரு உன்னை வரச் சொன்னது?" ஒலிபெருக்கி இன்னும் ரிப்பன் சாரின் வாய்க்கு நேராகவே இருந்தது. "பின்னால போ!"

அண்ணன் படி ஏறினான்.

"பின்னால போடா! அமைச்சர் நிக்கிறார்! பின்னால போ!"

அண்ணன் போகவில்லை. கேப்டனுக்கு எதிரே போய் நின்றான். மொத்த மண்டபத்துக்கும், வரிசையாக நின்ற கேமராக்களுக்கும் அவன் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் மெதுவாக ஈரம் பரவியது. அவன் தோளுக்கு மேல் கேப்டனின் முகம். பலகையில் நிபுணர் வரைந்த அதே படம்.

"ஆடாம நில்லுங்க சார், குத்திடும்" என்றான் அண்ணன், பதக்கத்தை வாங்கிப் பொருத்திக்கொண்டே.

கேப்டன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கும் இப்படித்தான்... என்னைக் கீழ விட்டுடாதேன்னு உன் காதுலயே கத்திக்கிட்டு வந்தேன்."

"ஆமா சார். முதுகைவிட காதுதான் ரொம்ப வலிச்சுது."

ஒலிபெருக்கிக்கு நடுநிலை அதிகம். யார் பேசினாலும் ஊருக்கே சொல்லிவிடும். மண்டபம் சிரித்தது. கேப்டன் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. எப்பவும் இருந்துச்சு. இவர் பின்வாங்கல. குண்டு என்மேல படக் கூடாதுன்னு தன் முதுகைக் கொடுத்தார். நான் தோள்ல தொங்கிக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

நான் நடுநிலையானவள். கருத்து எதுவும் சொல்லவில்லை. குறிப்பு மட்டும் எழுதினேன்: 'விருது பெற்ற கேப்டன் அனைவர் கண்ணெதிரிலும் சமையல்காரரிடமிருந்து பின் வாங்கினார். பின்னால் போகும்படி மேலதிகாரி திரும்பத் திரும்ப உத்தரவிட்டும் சமையல்காரர் பின்வாங்கவில்லை.' முதல் வாக்கியத்தில் இடைவெளி விட்டுத்தான் எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் சேர்த்துப் படித்தால் நான் பொறுப்பல்ல.

மறுநாள் செய்தித்தாள்களில் அண்ணனின் முதுகு முதல் பக்கத்தில் வந்தது. ரிப்பன் சார் தாளை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வார்த்தையை எடுத்தாச்சும்மா. அமைச்சர் காதாலயே கேட்டுட்டார், வேற வழியில்ல. உன் அண்ணன் சமையலறைக்கே திரும்பிப் போகலாம். சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார். இதையும் கொஞ்சம் பாருங்க." அண்ணனுக்கு வீரப் பதக்கம் கோரும் பரிந்துரையை நீட்டினேன். அண்ணன் கேட்கவில்லை. நான் கேட்டேன். எங்களுக்கும் விதி பேசத் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "எல்லைச் சம்பவம் இல்லையே இது? மேடையில பின் குத்தினதுக்கா?"

"ஆமா சார். அத்தனை பேர் முன்னாடி மிரட்டியும் ஒரு அடி பின்னால வைக்கல."

"தைரியம்தான், ஒத்துக்கறேன்." உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். மார்பில் எல்லாம் கூடவே ஆடின. "ஆனா விதி இடம் கொடுக்காதேம்மா. எதிரியின் முன்னிலையில் நடந்திருக்கணும்."

நான் அழைப்பிதழை எடுத்து அவர் முன் விரித்து, தடித்த எழுத்தில் இருந்த அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

"நடந்திருக்கு சார். தங்க எழுத்துல நாமளே அச்சடிச்சிருக்கோம்."