சாம்பல் புதனன்று நான் கத்திக்காரன் ஆனது

சாம்பல் புதன் அன்னைக்கு, தவக்காலம்னு ஊரே ஆளுக்கொண்ணை விட்டுச்சு. சில பேரு கறிய விட்டாக, சில பேரு பீடிய விட்டாக. நான் மட்டும்தான் ஒண்ணைப் புடிச்சேன். சாமியார் பூசுன சாம்பல் நெத்தியில காயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசல்ல நின்னு சொன்னேன்.

"ஜெசிந்தா, நான் கத்தி செய்யப் போறேன்."

"யாரக் குத்த?"

"யாரையும் இல்ல. ஒரு பொழுதுபோக்கு."

"ஆயுசு பூராம் பஸ் ஓட்டுனவுகளுக்கு இப்பத்தான் பொழுது போகலயாக்கும்."

உள்ளதச் சொல்றேன். எனக்குக் கத்தி மேல ஆசையெல்லாம் கெடையாது. தேங்கா உடைக்கிறதுக்கே கண்ண மூடிக்கிற ஆளு நான். சங்கதி வேற.

எங்க வீட்டுக் கொட்டகையில இமானுவோட மெஷின் இருக்கு. இமானுவேல் எங்களுக்கு ஒத்தப் புள்ள. கம்பத்துல ஒரு ஸ்கூல்ல வாத்தியாரு. லீவு நாள்ல ஆசைக்குக் கத்தி செய்வான். போன ஆடியில, பைபாஸ்ல, ஒரு லாரி. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. அன்னையில இருந்து நான் கொட்டகைக்குள்ள நாற்காலியப் போட்டு, உள்பக்கம் தாழ்ப்பாளப் போட்டு, அவன் கத்தி தேய்க்கிற பெல்ட் கிரைண்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். சோத்துக்குத்தான் வெளிய வருவேன். அழுவேன். ஆம்பள அழுதா கதவு சாத்தியிருக்கணும்ல, அதுக்குத்தான் தாழ்ப்பாள்.

அந்த வாரம் ஜெசிந்தா திடீர்னு ஒரு குண்டத் தூக்கிப் போட்டா. "அந்த மெஷின எபனேசருக்குக் குடுத்துருவோம். சும்மாதான கெடக்கு."

எபனேசர் இமானுவோட சேக்காளி. சின்னமனூர்ல லேத் பட்டறை வச்சிருக்கான். நல்ல பையந்தான். ஆனா மெஷினு அந்தப் படியத் தாண்டிப் போனா, எம்புள்ள ரெண்டாவது தடவ போன மாதிரி. இத வாய் விட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. சும்மா கெடந்தாத்தான குடுப்பா, நாமளே ஓட்டிட்டா? அப்பிடித்தான் நான் கத்திக்காரன் ஆனேன்.

"சரி," ஜெசிந்தா கைய முந்தானையில தொடச்சுக்கிட்டுச் சொன்னா. "ஈஸ்டருக்குக் கறி வெட்ட நீங்க செஞ்ச கத்தி வரணும். வரலைன்னா எபனேசர் வருவான்."

மேகமலைக்குப் போற ஜீப்புல உடைஞ்ச ஸ்பிரிங் பட்டை ஒண்ண மெக்கானிக் கிட்டக் கேட்டு வாங்குனேன். நல்ல கத்திக்கு அந்த இரும்புதான் வேணும்னு இமானு போன்ல பேசும்போது காதுல விழுந்துருக்கு. கரியில போட்டுப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்குனேன். 'டிங்'குனு ஒரு சத்தம். கத்தி ரெண்டாப் போச்சு. எண்ணெயில முக்கணும்னு போன் வீடியோவுல ஒருத்தன் சொன்னான். அடுப்படியில இருந்த நல்லெண்ணெயக் கவுத்து முக்குனேன். குப்புனு தீ. மீசையில பாதி போச்சு. தெரு பூராம் பலகார வாசம் வந்து, "என்ன விசேசம்?"னு பக்கத்து வீட்டு ஒச்சாண்டி தட்டோட வந்துட்டாரு. அந்தக் கத்தி வாழப்பழம் மாதிரி வளைஞ்சு வந்துச்சு.

"நல்லாருக்கே," ஜெசிந்தா திருப்பித் திருப்பிப் பாத்தா. "முதுகு சொறியத் தோதா இருக்கும்."

ஈஸ்டருக்கு முந்துன குருத்தோலை ஞாயிறு வந்துருச்சு. கையில ஒரு கத்தி இல்ல. மறுநா தேனிக்குப் பஸ் ஏறி, ஒரு பாத்திரக்கடையில நல்ல கறிக்கத்தியா வாங்குனேன். கொட்டகையில தாழ்ப்பாளப் போட்டு, அதுல இருந்த கம்பெனிப் பேரத் தேய்ச்சு எடுத்தேன். பிடியில கொஞ்சம் கரியத் தடவுனேன். அப்பறம் மெஷின ரொம்ப நேரம் சும்மா ஓட விட்டேன், அவளுக்குச் சத்தம் கேக்கணும்ல. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கே அழுகை வந்துருச்சு. அவன் உள்ள இருக்கும்போது கேக்குற அதே சத்தம்.

ஈஸ்டர் அன்னைக்குக் கத்தி கறியப் பூ மாதிரி வெட்டுச்சு. ஜெசிந்தா ஒரு வார்த்தை கொற சொல்லல. "கெட்டிக்காரருதான்"னா. கல்யாணமான நாள்ல இருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல. எபனேசரும் வரல, மெஷினும் போகல.

பொய்க்குக் காலு இல்லம்பாக. என் பொய்க்குப் பஸ் பாஸே இருந்துச்சு. அவளே ஆளுகளப் புடிச்சு விட்டா. "ஒச்சாண்டி அண்ணன் திராட்சத் தோட்டத்துக்கு ஒண்ணு கேக்குறாரு." "ஜான்சி டீச்சருக்குக் காய் வெட்ட ஒண்ணு." நானும் வாரா வாரம் தேனிக்குப் போயிட்டு வருவேன், இரும்பு பாக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு. அவளும் தூக்குவாளியில சோறு கட்டிக் குடுத்து, "அவசரமில்ல, நல்ல இரும்பாப் பாத்து மெதுவா வாங்க"ம்பா. என் மேல இம்புட்டு அக்கறையானு உருகிப் போனேன். ஒச்சாண்டிதான் கத்திய வாங்கிப் பாத்துட்டு, "எங்க மச்சான் தேனியில வாங்குனது அச்சு அசல் இப்பிடியேதான் இருக்கு"ன்னாரு. காப்பி அடிக்கிறாக, காலம் கெட்டுப் போச்சுனு சொல்லி அனுப்பிட்டேன்.

போன சனிக்கெழம வாசல்ல எபனேசர் பைக் வந்து நின்னுச்சு. கொட்டகை வாசல மறிச்சு நின்னுக்கிட்டேன்.

"மெஷின எடுக்க வந்தியாப்பா?"

"எந்த மெஷினு? என் பட்டறையிலயே மூணு கெடக்கே, அப்பா." அவன் பையில இருந்து ஒரு சுருள எடுத்தான். "அம்மாதான் கிரைண்டருக்குப் பெல்ட் கேட்டாக. பழசு தேஞ்சு நூலாப் போச்சாம்."

எனக்கு விளங்கல. நான் மெஷினச் சும்மாத்தான ஓட்டுறேன், காத்துல பெல்ட் தேயுமா?

ஜெசிந்தா உள்ள இருந்து வந்தா. கையில ஒரு கத்தி. கருத்த இரும்பு, பலாக்கட்டைப் பிடி, விளிம்பு மட்டும் வெள்ளிக்கம்பியா மின்னுது. இமானு செஞ்சதுக மாதிரியே இருக்கு. ஆனா புதுசு.

"இது யாரு செஞ்சது?"

"நாந்தான்."

"நீ எப்பத் தேனிக்குப் போன?"

கேட்டு முடிச்சப்பறம்தான் என்ன கேட்டேன்னு எனக்கு ஒறச்சுச்சு. எபனேசர் வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

"எல்லாரும் உங்கள மாதிரியா?" அவ நிதானமாச் சொன்னா. "ஜீப் பட்டையில செஞ்ச கத்தி ஒரு எலுமிச்சம்பழம் நறுக்குனாலே கருத்துப் போகும். உங்க கத்தி ஒரு கூடை மாங்கா வெட்டியும் மாப்பிள மாதிரி மினுக்குது. ஈஸ்டர் அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தேனிக்குப் போவீகளா?"

"நான் தேனிக்குப் போறதுல உனக்கென்ன?"

"அவன் எனக்கும் மகன்தான," ஜெசிந்தா சொன்னா. கொரல் அப்பத்தான் உடைஞ்சுச்சு. "நீங்க பாட்டுக்குத் தாழ்ப்பாளப் போட்டு உள்ள உக்காந்துட்டீக. நான் எங்கன போய் உக்கார? வெளிய வாங்கன்னா வருவீகளா? அதான் எபனேசர் பேரச் சொன்னேன். நீங்க கத்தி வாங்கப் போற அன்னைக்குத்தான் எனக்கு அந்தக் கொட்டகை."

நாந்தான் அழுறேன், அவ சமைக்கிறானு நெனச்சிருந்தேன்.

"நீயும் அங்கன அழுவியா?"

"தேய்க்கும்போது கண்ணாடியும் முகமூடியும் போட்டுருப்பேன். யாருக்குத் தெரியும்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"வேற யாரு? அப்பல்லாம் ஞாயித்துக்கெழம நீங்க பஸ் ஓட்டப் போயிருவீக. பூசைக்குப் போயிட்டு வந்ததும் நாந்தான் அவனுக்குக் கையாளு. மொதல்ல கட்டையத் தேய்க்க விட்டான். அப்பறம் இரும்பு."

நான் போய்த் தாழ்ப்பாள ஆணியோட கழட்டி எபனேசர் கையில குடுத்தேன். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேட்டேன், "எனக்கும் சொல்லித் தர்றியா, ஜெசிந்தா?"

அவ கத்தியில எண்ணெய் தடவுனா. கண்ணுல தண்ணி நிக்குது, வாயில சிரிப்பு நிக்குது.

"மாட்டேன். 'அப்பாவுக்கு மட்டும் சொல்லிக் குடுத்துராதம்மா, வெரல வெட்டிக்குவாரு'ன்னு அவன் சொல்லிட்டுப் போயிருக்கான்."

எங்க வீட்ல இன்னைக்கும் ரெண்டுக்கு ஒண்ணுதான்: அம்மாவும் மகனும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.