மதகுக் கல்லில் எழுதிய கதை

மார்பளவு உயர்ந்த நெற்குதிரின் மூடிமேல் காகிதத்தை விரித்து, நின்றபடியே பஞ்சாட்சரம் தம் கதையின் முதல் வாக்கியத்தை எழுதி முடித்தார். பெருமிதத்தோடு முற்றுப்புள்ளி வைக்கும்போது முழங்கை பட்டு மசிப்புட்டி உருண்டது. கீழே, இட்டிலிக்காக ஊறவைத்திருந்த அரிசியில் அது தலைகுப்புற விழுந்தது.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?" என்று அவர் மனைவி சொக்கம்மாள் ஓடிவந்தாள். "மேசை ஒண்ணு இன்னாத்துக்கு கீது?"

"பெரிய பெரிய எழுத்தாளருங்கல்லாம் நின்னுக்கினுதான் எழுதனாங்களாம். நாம குந்திக்கினா கற்பனையும் குந்திக்குமாம்."

"உங்க கற்பனை நின்னுக்கினு கீது. என் அரிசி நீலமாப் பூட்ச்சே!"

பஞ்சாட்சரம் உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். அருகிலுள்ள சிற்றூரிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் சென்று வருபவர். பகலெல்லாம் பிறர் சொல்லியதை எழுதும் அவருக்குத் தாமாக ஏதேனும் எழுதவேண்டும் என்னும் தாகம் நெடுநாளாக உண்டு. வீட்டின் பக்கவறையில் ஒரு மேசையை இட்டு, கதை பல எழுதி அனுப்பினார். அவை யாவும் சென்ற வேகத்திலேயே திரும்பிவந்தன.

அந்நிலையிலேதான் 'வெண்சங்கு' வார இதழில், புகழ்பெற்ற எழுத்தாளர் அருவிக்கரையான், 'எழுத்தறை இரகசியங்கள்' என்னும் தொடரைத் தொடங்கினார். எந்த மேதை எப்படி எழுதினார், எதைத் தின்றார், எப்பொழுது உறங்கினார் என்பன அதில் வாரந்தோறும் வெளிவந்தன. பஞ்சாட்சரம் அதனை வேதமெனக் கொண்டார். அத்தொடரின் முதற்கட்டுரையில் இருந்த இரண்டு வரிகளை அவர் நெட்டுருச் செய்திருந்தார்: 'அச்சேறுவதால் ஒருவன் எழுத்தாளன் ஆவதில்லை. அவன் எழுத்தினால் எங்கோ ஒருவன் நெஞ்சம் நடுங்கவேண்டும், தீமை செய்ய நீண்ட கை கூசவேண்டும்.'

சொக்கம்மாளுக்கோ அந்தப் பக்கவறையின்மீது வேறு நோக்கம் இருந்தது.

"சித்திரை ஸ்பெசலுக்குக் கதைப்போட்டின்னு சொன்னீங்களே, அதுல உங்க கதை வரட்டும், நான் ஒண்ணும் பேசல. வரலேன்னா மேசைய வெளிய போட்டுட்டு நவரை நெல்லு மூட்டைய உள்ள போடுவேன். அப்பால பேனாவைத் தொடக்கூடாது. சரியா?"

"சரி," என்றார் பஞ்சாட்சரம். அந்த அறையை இழந்தால் ஓய்வுபெறும் நாள்வரை மாட்டுக்கடன் விண்ணப்பங்களுக்கு விடையெழுதுவது ஒன்றே தம் இலக்கியப் பணியாகிவிடும் என்பதை அவர் அறிவார்.

"அதுவரிக்கும் வூட்டுக்குள்ள மசி வரக்கூடாது. வெளிய போய் எழுதுங்க."

அருவிக்கரையானும் அவ்வாரம் அதையே கூறியிருந்தார். 'ஓடும் நீரருகே, இருள் பிரியும் வேளையில் அமர்ந்து எழுதுக. நீரோடு சொற்களும் ஓடிவரும்.'

"நம்ம கெணத்தாண்ட போய் எழுதறேன்," என்றார் பஞ்சாட்சரம்.

முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்த சிட்டம்மாள் உலக்கையை நிறுத்தினாள். ஏரி வாய்க்கால் முடியுமிடத்தில் அவளுக்குக் கையகல நிலம் ஒன்று உண்டு. அது காய்ந்துகிடக்கும் நாள்களில் இவ்வீட்டில் கூலி வேலை செய்வாள். அவள் வேலைக்கு வாராத நாள் அரிது.

"கெணத்துல ஏது நைனா ஓடற தண்ணி? ஏரி மதகாண்ட போ. குந்தறதுக்கு நல்லா அகலமா கல்லு கீது. காத்தும் வரும்."

மறுநாள் விடியுமுன் பஞ்சாட்சரம் மதகுக் கல்லின்மேல் அமர்ந்தார். மடியில் அட்டை, அட்டைமேல் தாள், பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. கதைக்கு 'இருளில் ஒரு கை' என்று தலைப்பிட்டார். ஊரில் திருட்டு நடக்கிறது, துப்பறிபவர் வருகிறார், திருடனை நெருங்குகிறார். ஆனால் திருடன் யார் என்பது துப்பறிபவருக்கும் தெரியவில்லை, எழுதியவருக்கும் தெரியவில்லை.

மதகைத் திறந்து மூடும் ரங்கன் அவ்வழியே வந்தவன் விளக்கைக் கண்டு நின்றான்.

"இன்னா சாமி, விடிகாலைல இங்க?"

"கதை எழுதறேன் ரங்கா."

ரங்கன் விளக்கைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். ஒன்றிய அலுவலகத்து எழுத்தரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தான்.

"கதைன்னே வெச்சிக்குவோம். யாரு எழுதச் சொன்னது?"

"மெட்ராசுல ஒரு பெரியவரு. தண்ணியாண்ட குந்தி, விடியறதுக்கு மின்ன எழுதுன்னு சொல்லிக்கீறாரு."

"மெட்ராசா! எத்தினி நாளைக்கு?"

"திருடன் ஆப்புடற வரிக்கும்."

ரங்கன் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு வந்தவழியே விரைந்தான்.

அன்று மாலையே வீட்டிற்கு ஒரு குலை இளநீர் வந்தது. மறுநாள் முருங்கைக்காய்க் கட்டு வந்தது. அதற்கடுத்த நாள், மதகையடுத்த கழனிகளில் பெரும்பகுதிக்கு உரியவரான மாசிலாமணி, இரு கைகளாலும் அணைத்தெடுக்க வேண்டிய பூசணிக்காய் ஒன்றைத் தாமே சுமந்துவந்து கல்லின்மேல் வைத்தார்.

"எழுதிக்கினு கீறியா ணா? எழுது, எழுது. நாஷ்டா துன்னியா? இந்தப் பனியில இன்னாத்துக்கு ணா இந்தப் பேஜாரு? வூட்ல நல்லாத் தூங்கலாமே?"

"தூங்கனா எப்டிப்பா? எழுத்துன்னா தவம்."

மாசிலாமணி எச்சிலை விழுங்கிக்கொண்டு சென்றார்.

"இதுதான் வாசகர் அன்பு," என்று வீட்டில் பூசணிக்காயை இறக்கினார் பஞ்சாட்சரம்.

"கதையே இன்னும் அச்சுல வரல. வாசகரு எங்கேந்து வந்தாரு?" என்றாள் சொக்கம்மாள்.

அன்பு பெருகப் பெருக எழுத்து நின்றது. பத்து வரி எழுதுவதற்குள் எவரேனும் ஒருவர் வந்து, "இன்னா எழுதன?" என்று எட்டிப்பார்ப்பதும், பெருமூச்செறிவதுமாயிற்று. அவர் மீண்டும் அருவிக்கரையானைச் சரணடைந்தார். அவ்வாரத்து அறிவுரை, 'மக்களோடு கலந்து உரையாடுக. உன் பாத்திரத்தின் நிலையில் அவர்களை நிறுத்திக் கேள்' என்பது.

கழனிக்குப் போய்க்கொண்டிருந்த கன்னியப்பனை அவர் மறித்தார். கன்னியப்பன் மாசிலாமணியிடம் பண்ணையாள்.

"கன்னியப்பா, இப்ப நீ ஒரு திருடன்னு வெச்சிக்கோ."

"ஐயோ, நானா?"

"ஒரு பேச்சுக்குய்யா. எந்த நேரத்துல போவ? தனியாப் போவியா, ஆள் சேத்துக்கினு போவியா?"

கன்னியப்பனின் உதடுகள் உலர்ந்தன. "எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி. எதுவா இருந்தாலும் மாசிலாமணி அண்ணனக் கேட்டுக்கோ."

'அச்சம் முதலில் உதட்டில் தோன்றும்' என்று பஞ்சாட்சரம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். பேனா அசைவதைக் கண்ட கன்னியப்பன் மேல்துண்டு விழுந்ததையும் அறியாமல் ஓடினான்.

அன்றிலிருந்து எவரும் அவர் எதிரே வருவதில்லை. வாய்க்கால் வரப்பில் அவர் தலை தெரிந்தால் ஊரார் வேறு வரப்பில் இறங்கினார்கள். மக்களோடு கலக்க மக்களே இல்லாமற்போகவே, அடுத்த அறிவுரையைக் கையாண்டார். 'உரையாடலை நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பார்.'

மறுநாள் இருள் பிரியுமுன் வாய்க்காலோரம் நடந்தவாறே அவர் முழங்கினார்:

"அடே கயவா! உன்னை நான் அறிவேன்! இருளில் நீ செய்வதெல்லாம் இந்தத் தாளில் ஏறிவிட்டது! இனித் தப்ப இயலாது!"

பனைமரத்து மறைவிலிருந்து தலையில் முண்டாசு கட்டிய சிலர் எழுந்து நாற்றங்காலில் விழுந்து ஓடினார்கள். காலைக்கடனுக்கு ஒதுங்கியவர்களைக் கலைத்துவிட்டோமே என்று பஞ்சாட்சரம் நாணினார். அவர்கள் இருந்த இடத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது. காலைக்கடனுக்கு மண்வெட்டி எதற்கு என்று அவர் சிந்திக்கவில்லை. அவர் சிந்தனையெல்லாம் கதையிலிருந்தது. மண்வெட்டியைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயில் வாசலில் சார்த்தி, உரியவர் பெற்றுக்கொள்க என்று தாளில் எழுதி ஒட்டினார். அது தமதென்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பியபோது வாசலில் மாசிலாமணி நின்றார். சொக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணி, நீயே சொல்லு. அண்ணன் எழுதனதுல நம்ம பேரு இருந்தா அடிச்சிடச் சொல்லு. புள்ளகுட்டிக்காரன் நான்."

"ஊர் ஆளுங்களக் கதைல இழுக்கறீங்களா?" என்று அவள் கணவர்மேல் பாய்ந்தாள். "அதான் ஊர்க் கெணத்தாண்ட போனா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாளுங்க!"

"அதெல்லாம் இல்ல," என்று பஞ்சாட்சரம் மாசிலாமணியின் தோளைத் தட்டி ஆறுதல் கூறினார். "உன் பேரு எதுலயும் வராது. திருடன் பேரு நான் இன்னும் வெக்கவே இல்ல."

மாசிலாமணி தூணைப் பற்றிக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஐயத்தைப் போக்க ஒரே வழிதான் இருந்தது. பஞ்சாட்சரம் தாள்களை எடுத்துவந்து எழுதியவரைக்கும் உரக்கப் படித்தார். துப்பறிபவர் இருளில் காத்திருக்கிறார், காலடியோசை கேட்கிறது, ஒரு கை நீள்கிறது. அத்தோடு கதை நின்றது.

மாசிலாமணியின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக அரும்பியது.

"அப்பால?"

"அதான் தெரியல. திருடனைப் பிடிச்சிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்."

"வேணாம் ணா!" மாசிலாமணி அவர் கையைப் பற்றினார். "அவன் திருந்திட்டான்னு எழுதிக்கோ. இனிமே அந்தப் பக்கமே போறதில்லன்னு சொல்லிட்டான்னு எழுதிக்கோ. புள்ளயாரு மேல சத்தியம்."

பஞ்சாட்சரத்தின் கண்கள் பனித்தன. அருவிக்கரையான் இத்தனை வாரங்களாகச் சொல்லித்தராத முடிவை, ஏடெடுத்தறியாத ஒருவர் நெஞ்சுருகிச் சொல்லிவிட்டார்! அன்றைக்கே எழுதி முடித்தார். 'நீண்ட கை கூசியது. திருடன் திருந்தினான்.' மறுநாள் உத்திரமேரூர் அஞ்சல் நிலையத்தில் உறையைச் சேர்த்துவிட்டு, மதகுக் கல்லில் அமர்ந்து அடுத்த கதைக்குரிய குறிப்புகளை எழுதத் தொடங்கினார். பங்குனி முழுதும் அவர் விளக்கு அங்கே எரிந்தது.

சித்திரைச் சிறப்பிதழ் வந்தது. அதில் அவர் கதை இல்லை. அருவிக்கரையான்கூட, 'சில ஆண்டுகளாக என்னால் ஏன் கதை எழுத இயலவில்லை' என்று கட்டுரை எழுதித் தொடரை முடித்திருந்தார். பஞ்சாட்சரத்தின் கதை இரண்டு நாள் கழித்துத் திரும்பியது. ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மசியால் எழுதியிருந்தார்: 'நடை நன்று. ஆனால் திருடன் தானே திருந்துவது நம்பும்படியாக இல்லை.'

சொக்கம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். அவள் வெற்றி பெற்றவள்போல் தோன்றவில்லை.

"மேசைய நாளைக்கு எடுத்துக்கலாம். இன்னா அவசரம்?"

"சொன்னா சொன்னதுதான் சொக்கு."

பேனாவை மாடத்தில் வைத்தார். மேசையைத் தாமே தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டினார். எதிரே சிட்டம்மாள் தலையில் ஒரு மூட்டையுடன் வந்துகொண்டிருந்தாள். பல நாள்களாக அவள் வேலைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் சொக்கம்மாளுக்கு உறைத்தது.

"எங்கடி பூட்ட இத்தினி நாளா?"

"அறுப்பு ஆயா, எங்க கழனில அறுப்பு!" என்று அவள் மூட்டையை இறக்கினாள். புதுநெல் மணந்தது. "மொதல் நெல்லு நைனாவுக்குத்தான்னு எடுத்தாந்தேன். மேசைய எங்க தூக்கிக்கினு போற நைனா, மதகாண்டயா?"

"எழுதறத வுட்டுட்டேன் சிட்டம்மா," என்றார் பஞ்சாட்சரம். "என் எழுத்தால எவன் நெஞ்சும் நடுங்கல, எவன் கையும் கூசல."

சிட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாரு சொன்னது? தண்ணி திருடறவன் பேரத்தான் நீ மெட்ராசுக்கு எழுதறன்னு நடுங்கிப்போயி, மதகாண்ட கழனி வெச்சிருக்கவங்க ஒருத்தரும் இந்தப் போகம் வாய்க்கால வெட்டித் தண்ணி திருப்பல; அந்தத் தண்ணி எங்க கடைசிக் கழனிக்கு வந்து வெளஞ்ச நெல்லுதான் இது, ஒரு கதையோட நிறுத்திடாத, தொடர்கதையா எழுது நைனா!"