அத்தானின் மெனுவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன்

குடும்பத்தில் ஒருவனுக்குக் கணினி கொஞ்சம் தெரியும் என்றால் அவன் அதை வெளியே சொல்லவே கூடாது. நான் சொன்னேன். சும்மா இல்லை, பெருமையாகச் சொன்னேன்.

என் அக்காவின் கணவர் தவராசா அத்தான் லண்டனில், டூட்டிங்கில் ஒரு சின்னச் சமையல்கூடம் வைத்திருக்கிறார். பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று விழாக்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பார். கலியாண ஓடர் மட்டும் கிடைத்ததே இல்லை. அதை நம்பித்தான் பெற்றோல் நிலைய வேலையையும் விட்டிருந்தார். கடைசியில் ஹரோவில் ஒரு கலியாண வீட்டு அம்மா, "சாப்பாடு உங்களிட்டத்தான் எடுக்க யோசிக்கிறம். மெனுவைப் பாத்திட்டுச் சொல்லுறம்" என்றிருந்தார். அக்கா கோயிலுக்கு நேர்த்தியே வைத்துவிட்டாள்.

அத்தானின் மெனு இணையத்தில் இருந்தது. ஆனால் எவன் தேடினாலும் வராது. ஏன் என்று திறந்து பார்த்தேன். கோபம்தான் வந்தது. அச்சடித்த தாளைப் போனில் படம் எடுத்து, அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருந்தார். ஓரத்தில் அவருடைய பெருவிரலும் இருந்தது. கோப்பின் பெயர் 'ஸ்கேன் நியூ பைனல் நியூ'.

"அத்தான், இது வெறும் படம். தேடுற மெஷினுக்கு இதில ஒரு எழுத்தும் விளங்காது."

"அப்ப நீ செய்து தாவன்ரா."

"செய்யிறன். இனி ஆர் தேடினாலும் நீங்கள்தான் முதல் நிப்பியள்."

(அந்த நேரம் யாராவது என் வாயில் ஒரு றோல்ஸைத் திணித்திருக்கலாம்.)

செய்தேன். ஒழுங்காகவே செய்தேன். மெனு முழுவதையும் எழுத்தாகத் தட்டினேன். 'டூட்டிங் தமிழ் கலியாணச் சாப்பாடு மெனு' என்று மனிதர் தேடுகிற மாதிரிக் கோப்புக்குப் பெயர் வைத்தேன். போனில் சட்டென்று திறக்கும்படி அளவைக் குறைத்தேன். தொடக்கத்தில் அத்தானைப் பற்றி நானே எழுதினேன்: 'தவராசா. எல்லோர் வீட்டு நற்காரியங்களிலும் முன்நின்றவர். இன்முகத்தோடு பரிமாறியவர்.' பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பு.

பக்கத்தைச் சுற்றி அழகான கரை ஒன்று வேண்டியிருந்தது. குத்துவிளக்கும் பூவும் போட்ட கரை என்னிடம் இருந்தது. பெரியப்பா இறந்தபோது முப்பத்தோராம் நாளுக்கு நான் செய்த அஞ்சலி மலரில் போட்டது அது. கோப்பைத் திறந்து, பெரியப்பாவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மட்டன் றோல்ஸைப் போட்டேன்.

பிடிஎஃப் கோப்புக்குள், பக்கத்தில் தெரியாத 'தலைப்பு' என்று ஒரு பெட்டி உண்டு. தேடும்போது பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அதுதான். இதை நான் வாசித்திருந்தேன். பிறகு மாற்றலாம் என்று விட்டேன். மாற்றவில்லை.

கொஞ்ச நாளில் மெனு முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் நான் சமையல்கூடத்தில் நிற்கும்போது ஹரோ அம்மா போனில் கூப்பிட்டார். அத்தான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயோ, எப்ப நடந்தது? நேற்றுப் போல கதைச்ச மனுசன்!"

"ஓம், நான்தான் கதைக்கிறன், சொல்லுங்கோ அம்மா." அத்தான் மூக்கை உறிஞ்சினார்.

"தம்பியாரே? குரல் அப்பிடியே அண்ணையின்ரதான். அழாதேங்கோ, என்ன."

"நான் அழேல்லை அம்மா, இது வெங்காயம்..."

"மனசைத் திடப்படுத்துங்கோ. குறை நினைக்காதேங்கோ, துடக்கு வீட்டில சமைச்சுக் கலியாணத்துக்குக் கொண்டரேலாதுதானே. நாங்கள் வேற ஆளிட்டச் சொல்லிப்போட்டம்." வைத்துவிட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "ஆர்ரா செத்தது?"

நான் போனில் தேடிப் பார்த்தேன். முதலிடத்தில், பெரிய எழுத்தில், 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே, 'தவராசா. எல்லோர் வீட்டு நற்காரியங்களிலும் முன்நின்றவர்...'

"நீங்கள்தான் அத்தான்" என்றேன்.

உடனே காரை எடுத்துக்கொண்டு ஹரோவுக்குப் பறந்தோம். கதவைத் திறந்த அம்மா, "சிவனே!" என்று நெஞ்சில் கைவைத்தார். விஷயத்தைச் சொன்னதும் வீடே சிரித்தது. தேத்தண்ணி தந்தார்கள். அத்தானின் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். ஆனால் மற்ற ஆளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கலியாணம் போனது போனதுதான்.

திரும்பி வந்து நோர்பரியில் என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது அத்தான், "முதலிடம் எண்டு சொன்னனீ" என்றார்.

அன்றே தலைப்பை மாற்றினேன். ஆனால் தேடுகிற மெஷின் பழையதை லேசில் விடாது. கொஞ்சக் காலம் அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தகப்பனுக்கு அஞ்சலி மலர் செய்ய மாதிரி தேடியவருக்கு மெனு கிடைத்திருக்கிறது. "முப்பத்தோராம் நாளுக்கு மரக்கறிச் சாப்பாடு செய்வியளே?" என்றார். அத்தான் செய்தார். சாப்பிட்டவர்கள் வேறு வீடுகளுக்குச் சொன்னார்கள். இன்று லண்டனில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சாப்பாடு என்றால் தவராசாதான். கலியாண ஓடரும் வருகிறது, எப்போதாவது.

நன்றி என்று ஒரு வார்த்தை எனக்கு எவரும் சொன்னதில்லை. அத்தான் என்னைப் புது ஆட்களுக்கு, "என்ர மச்சான். கொம்பியூட்டர் நல்லாத் தெரியும். என்னை ஒருக்காச் சாக்காட்டினவன்" என்றுதான் அறிமுகம் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தால், அக்கா குசினிக்குள் இருந்து என்னைப் பார்த்துக் கத்துவாள்:

"டேய், இண்டைக்கு நீ ஏதும் அப்லோட் பண்ணினியோ?"