தேவதாசனுக்குப் பேர் கிடைத்த வரலாறு

மனித குலத்தை உயர்த்திய கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், நமுனுகுல மலையடிவாரத்தில் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா விடுதியான பிறகு கண்டறியப்பட்ட 'புல்லும் புள்ளினமும்' காட்சி. முதல் இரண்டையும் கண்டுபிடித்தது யாரென்று தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் கொழும்பிலிருந்து வந்த மேனேஜர் றிச்சர்ட். அவரே அப்படித்தான் சொன்னார்.

மூன்று வருடமாக அங்கே புல் வெட்டும் மெஷினைத் தள்ளுகிற தேவதாசனுக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. மெஷின் உறுமினால் வெட்டுக்கிளி எழும்பும். பின்னாலேயே கொக்கு நடக்கும், மைனா ஓடும், கரிச்சான் அந்தரத்திலேயே பிடிக்கும். பசித்தவன் சோறு இருக்கிற பக்கம் போவான். தேவதாசனின் கவலை வேறு. அவனுக்குப் 'பேர்' இல்லை.

தோட்டத்தில் பேர் என்பது ஞானஸ்நானத்தில் வைப்பதல்ல, செக்ரோல் என்கிற சம்பளப் பதிவுப் புத்தகத்தில் விழுவது. அது விழுந்தவன்தான் தொழிலாளி. மற்றவன் சும்மா வந்துபோகிறவன். கொழுந்து பறிக்கிற மனைவி பவுலினாவுக்குப் பேர் இருந்ததால் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்க ஒரு காம்பரா இருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. அதற்குள் தேவதாசனுக்குப் பேர் விழாவிட்டால் காம்பராவைக் காலி செய்யவேண்டும்.

இந்நிலையில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கொக்குகளின் பூச்சி வேட்டையைப் பார்த்துத் தேநீரை ஆறவிட்டது. அன்றே அவசரக் கூட்டம். 'விருந்தினர் தேநீர் அருந்தும் போதெல்லாம் இயற்கை தன்னிச்சையாக நிகழவேண்டும்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தேவதாசன் காலையிலும் மாலையிலும் இயற்கையை நிகழ்த்தினான். ஒரே வாரத்தில் புல்வெளி மொட்டைத் தலையானது. பூச்சி போயிற்று, பறவையும் போயிற்று.

மறுபடி கூட்டம். விடயம்: 'பறவைகளின் வரவு வீழ்ச்சி'.

"கொக்கு ஏன் வேலைக்கு வரல்ல, தேவதாசன்?"

"புல்லு இல்லங்களே தொரை. புல்லு இல்லாம பூச்சி ஏது?"

"எனக்குக் காரணம் வேணாம். கொக்கு வேணும். சனிக்கிழமை மேலிடத்திலிருந்து வாறாங்க."

சனிக்கிழமைக்கு முன்தினம் தேவதாசனும் பவுலினாவும் மானாப்புல் சரிவில் ஏறிப் பால்மா டின் நிறைய வெட்டுக்கிளி பிடித்தார்கள்.

"முப்பது வருசம் கொழுந்து பறிச்ச கை. இப்ப வெட்டுக்கிளி பறிக்குது," என்றாள் பவுலினா.

"பேசாம புடி புள்ள. பேர் கெடைக்கும்."

மறுநாள் டின்னைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மெஷினுக்கு முன்னால் அள்ளித் தெளித்தான். கொக்கு வந்தது. மைனா உறவுமுறையோடு வந்தது. மேலிடம் எழுந்து நின்று கைதட்டியது. றிச்சர்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன வேணும், கேளுங்க!"

"ஒரு பேர் போட்டுக் குடுங்க தொரை. அது போதும்."

"அவ்வளவுதானா!"

கொழும்புக்காரருக்குப் பேர் என்றால் பேர்தான். இவ்வளவு அடக்கமாக ஒரு மனிதனா என்று அவருக்கு மெய்சிலிர்த்தது.

பத்தாம் நாள் விழா. திரையை விலக்கியதும் கருங்கல்லில் மூன்று மொழியில் தங்க எழுத்து மின்னியது: 'தேவதாசன் புல்வெளி'.

தேவதாசன் கல்லைப் பார்த்தான். "இது இல்லங்க தொரை..."

"ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"செக்ரோல்ல போடச் சொன்னேங்க."

"செக்ரோல்லயா? ஆள் எடுக்க அனுமதி இல்லையே. கல்லுக்குத்தான் அனுமதி இருந்துச்சு."

பவுலினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "செத்தவனுக்குத்தாங்க கல்லுல பேர் வெட்டுவாங்க. உசுரோட இருக்கிறவனுக்கு செக்ரோல்ல போடுவாங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று விழாவுக்கு வந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் கேட்டார். சந்தோஷத்தில் அவளுக்கு வார்த்தையே வரவில்லையாம் என்று றிச்சர்ட் மொழிபெயர்த்தார். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள்.

பிறகு அவர் சைகை காட்ட, தேவதாசன் சட்டைக்குள்ளிருந்த அன்றைய டின்னைத் திறந்து வெட்டுக்கிளிகளைத் தெளித்துவிட்டு மெஷினைக் கிளப்பினான். அடுத்த மாதம் எந்தக் கூரைக்குக் கீழே படுப்பது என்று யோசித்தபடியே நடந்தான். பின்னால் கொக்குகள் நடந்தன. அவனை முன்னால் நடக்கவிட்டு வயிறு வளர்த்தவர்களில், அந்தக் கொக்குகள் மட்டும்தான் கைதட்டவில்லை.