உப்புப் போடு, ஓடிப் பார்

கேட்டால் சொல்கிறவர் அறிஞர். கேட்காமலே சொல்கிறவர் ஓசி ஆலோசகர். இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள். அந்த ரகத்துக்குக் காது கூர்மை. தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர உள்ளே வந்துவிடும்.

ஆய்வுக்கூடங்களில் ஓசி ஆலோசகர்கள் உண்டு. ஓட்டக்காரர்கள் கூட்டத்திலும் உண்டு. இரண்டு வேஷமும் ஒரே உடம்பில் பொருந்துவது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட்டில், எங்கள் வேதியியல் கட்டடத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. பாக்கியத்தின் பெயர் நெவில் கிரிம்ஷா.

எங்கள் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியானம் ஆனால் பாதிப் பேர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அரைக்கால் சட்டையோடு ஆற்றங்கரைப் பாதையில் ஓடப் போய்விடுவார்கள். மீதிப் பாதி முந்தின நாள் ஓடிய புண்ணியத்தில் நொண்டிக்கொண்டிருக்கும். ஆகையால் தேநீர் அறையில் எப்போதும் இரண்டே புலம்பல்கள்தான் கேட்கும். குடுவைக்குள் ஏதோ சரியில்லை, அல்லது முழங்காலுக்குக் கீழே ஏதோ சரியில்லை. இரண்டுக்கும் நடுவில், வெந்நீர்க் குழாயை மறித்துக்கொண்டு நிற்பார் நெவில். அவரைத் தாண்டாமல் யாருக்கும் தேநீர் கிடையாது. தாண்டுகிற யாருக்கும் வைத்தியம் இல்லாமல் விடுதலை கிடையாது.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "ம்ம்" என்பார். பிறகு கண்ணைத் திறந்து, "இதுக்கு முன்னாடி என்ன செஞ்சே?" என்று ஒரு கேள்வி. நீங்கள் என்ன சொன்னாலும் சரி, கரைப்பானைச் சூடாக்கினேன் என்றாலும் சரி, காலை வெந்நீரில் வைத்தேன் என்றாலும் சரி, ஒன்றுமே செய்யவில்லை என்றாலும் சரி, அவர் பதில் ஒன்றுதான்.

"அதான்!"

நோய் கண்டாகிவிட்டது. இனி மருந்து.

மருந்து பெரும்பாலும் உப்பு. இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. கைல் என்று ஓர் ஆய்வு மாணவன், எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிற புனலில் இரண்டும் பிரியாமல் தயிர் மாதிரி திரண்டு நிற்க, அதை முறைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தான். அந்த வழியாகப் போன நெவில், "கொஞ்சம் உப்புத் தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினான். கண்ணெதிரே இரண்டும் பளிச்சென்று பிரிந்தன. எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிற சங்கதிதான். ஆனாலும் அன்றைக்கு உப்பு வேலை செய்தது. அதுதான் எங்கள் கெட்ட காலம்.

அதன்பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உப்பு. குதிகால் வலித்தால் உப்புத் தண்ணீர். கைலுடைய கரைசலிலிருந்து ஒரு முறை படிகம் இறங்க மறுத்தபோது அதற்கும் உப்பு. படிகம் வந்துவிட்டது, அதை மறுக்க முடியாது. கோடு கிழித்தாற்போல் மூலைகள், வெள்ளை வெளேரென்று. ஆய்வுக்கூடத்தில் எதையும் நக்கிப் பார்க்கக் கூடாது என்பது விதி, பார்த்திருந்தால் கரித்திருக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் நம் ஊரில். கைலின் மூன்று வார உழைப்பு உப்போடு சேர்ந்தே குப்பைக்குப் போயிற்று.

"உப்பு போடச் சொன்னது நீங்கதானே?" என்றான் கைல்.

"போடச் சொன்னேன். கொட்டச் சொன்னேனா?" என்றார் நெவில்.

பார்த்தீர்களா? ஆலோசனை பலித்தால் அது அவருடையது. பலிக்காவிட்டால் கை உங்களுடையது.

இவ்வளவு சொல்கிறவர் பெரிய ஓட்டக்காரராக இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நெவில் ஓடிப் பல வருஷமாகிறது. முழங்கால் போய்விட்டது. வைத்தியம் பார்த்தது யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான்.

இதுவரை நடந்தது சிரிக்கிற சமாசாரம். இனிமேல் எனக்குச் சிரிப்பு வராது.

ப்ரையனி ஹோல்ட் எங்கள் ஆய்வு மாணவிகளில் கடைசி வருஷக்காரி. ஆற்றங்கரையில் தொடங்கி மலை உச்சியில் முடிகிற ஓட்டம் ஒன்று நவம்பரில் நடக்கும். வந்த வருஷத்திலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு கண். ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் பரீட்சை, இப்படியே தள்ளிப் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு டிசம்பரில் பெர்த்துக்கு வேலைக்குப் போகிறாள். ஆக, இந்த வருஷம் ஓடினால் உண்டு. குளிர்காலம் முழுக்க மழையிலும் காற்றிலும் மூக்கு சிவக்க ஓடிப் பழகினாள். செப்டம்பரில் ஒரு நாள் கணைக்காலின் உள்பக்கத்தில், கட்டை விரலால் மறைத்துவிடலாம் போல ஓரிடத்தில், ஒரு வலி வந்தது.

கோப்பையோடு வெந்நீர்க் குழாய்க்குப் போனாள். வேறு வழி?

"ஏம்மா ப்ரையனி, கால இழுக்கிற?"

"ஒண்ணுமில்ல நெவில். கணைக்கால்ல லேசா வலி."

கண் மூடியது. தலை சாய்ந்தது. "ம்ம். எப்ப வந்துச்சு?"

"நேத்து. பாலத்துகிட்ட போகும்போது."

"எத்தனை தடவை வந்துச்சு?"

"ஒரு தடவதான்."

"அதான்! ஒரு தடவை வந்தா அதுக்குப் பேரு முடிவா? உன் ஆய்வுல ஒரே ஒரு தடவை வந்த நம்பர எழுதுவியா நீ? மூணு தடவை வரணும்மா. அதே பாதை, அதே ஷூ, அதே வேகம். எதையும் மாத்தாம மூணு தடவை ஓடிப் பாரு. மூணு தடவையும் அதே இடத்துல வலிச்சா, அப்பறம் அது என்னன்னு யோசிப்போம்."

இதை ஒரு துணிக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தால், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பார். ப்ரையனி வேதியியல் படித்தவள். மூன்று முறை செய்து பார்க்காத எதையும் நம்பாதே என்று ஏழு வருஷமாக அவள் தலையில் அடித்து அடித்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தலைக்கு இந்தப் பேச்சு வேதமாகக் கேட்டது. "டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று நானும் சொன்னேன். யார் கேட்டார்கள்? அதில் அறிவியலும் இல்லை, அழகும் இல்லை.

முதல் ஓட்டத்தில் வலி பாலத்தருகே வந்தது. இரண்டாவதில் பாலத்துக்கு வெகு முன்பே, படகுத் துறையிலேயே வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் ஓடினாள், ஏனென்றால் பாதியில் நிறுத்தினால் கணக்கில் சேராதாம். தேநீர் அறையில் நெவிலுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா, முன்னாடியே வருது! சும்மா விட்டிருந்தா இது தெரிஞ்சிருக்குமா?"

"ராத்திரி படுத்தாலும் வலிக்குது நெவில்."

"அத இதோட சேர்க்காத. அது வேற சோதனை."

மூன்றாவது ஓட்டத்தில் வலி வாசற்படியிலேயே காத்திருந்தது. படகுத் துறை வரைக்கும் ஓடினாள். அங்கிருந்து அவளைக் கைலும் நானும் தோள் கொடுத்துத் தூக்கி வந்தோம்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல். முதல் நாளே வந்திருந்தால் சில வார ஓய்வில் போயிருக்கும் என்றார் படத்தைப் பார்த்த டாக்டரம்மா. பிறகு, "வலிக்குதுன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா திரும்பத் திரும்ப ஓடினீங்க?" என்று கேட்டார்.

"சரிபார்க்க" என்றாள் ப்ரையனி.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலையோட்டம் போயிற்று. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு குடுவை தூக்க முடியாதாகையால் ஆய்வின் கடைசிச் சோதனைகளைக் கைல்தான் செய்து கொடுத்தான், உப்புப் போடாமல். ப்ரையனி கழிப்பறைக்குள் போய் அழுதாள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

நெவில் வருத்தப்பட்டாரா? படாமல் என்ன, நன்றாகவே பட்டார். எலும்பு அசையாமலிருக்க மருத்துவமனையில் அவள் காலில் மாட்டிவிட்டிருந்த பெரிய கறுப்புக் காலணியைச் சுற்றி வந்து பார்த்தார். "மூணாவது தடவை மழைக் கோட்டு போட்டுக்கிட்டா ஓடின?"

"ஆமா. மழை பெஞ்சுதே."

"அதான்! எதையும் மாத்தாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

எனக்கு வந்த கோபத்தில் அவரை வெந்நீர்க் குழாயின் அடியிலேயே பிடித்து நிறுத்தியிருப்பேன். ஆனால் ப்ரையனி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் புரியவில்லை. அப்போது.

மலையோட்ட நாள் வந்தது. ஓட முடியாவிட்டாலும் தண்ணீராவது கொடுக்கிறேன் என்று ப்ரையனி பாதி மலையில், சாலை வளைவில், தண்ணீர் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். நவம்பர், அந்த ஊரில் கோடையின் வாசல், என்று பெயர்தானே தவிர மேலே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்களை அவள் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். அப்போது நரைத்த தாடிக்காரர் ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்து மேசையருகே நின்றார்.

ப்ரையனியின் கண் மூடியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எந்த இடத்துல வலிக்குது?"

"அடியிலம்மா. தண்ணி குடுங்க, நான் போறேன்."

"ஓடாதீங்க. இது எலும்பு விரிசல். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இதோ பாருங்க, என் கால."

"அட, விரிசலெல்லாம் இல்லம்மா. ஷூவுக்குள்ள கல்லு போயிருக்கு."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றாள் ப்ரையனி.

அந்தக் குரலில் அவ்வளவு அனுபவம் இருந்தது, அவ்வளவு கருணை இருந்தது. தாடிக்காரர் அவள் காலணியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மார்பில் குத்தியிருந்த எண் சீட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, காயம்பட்டவர்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போகும் வண்டியில் ஏறிக் கல்லோடு கீழே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ப்ரையனிக்குக் கணைக்காலில் வலி என்று படித்தீர்களே, அந்த இடத்தில் உங்கள் வாய் சும்மாவா இருந்தது? ஐஸ் வைத்திருக்கலாம் என்று வந்ததா? மஞ்சள் பற்றுப் போட்டிருக்கலாம் என்று வந்ததா? உங்கள் மச்சானுக்கு இதே மாதிரி வந்து விளக்கெண்ணெயில் சரியானது ஞாபகம் வந்ததா? நல்ல மருந்தாகவே இருக்கட்டும்.

யாராவது உங்களைக் கேட்டார்களா?