அதிகம் பேசாத கைடு

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கைடு நின்றுவிட்டார். நின்றதோடு விடாமல், ஓரடி விலகி ஆர்லோவுக்கு வழியும் விட்டார்.

இடப்பக்கப் பாதை பைன் மரங்களுக்குள் ஏறியது. வலப்பக்கப் பாதை ஓடையை ஒட்டி இறங்கியது. எது எங்கே போகிறதென்று ஆர்லோவுக்கு என்ன தெரியும்? நெப்ராஸ்காவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்து, இந்த வயோமிங் மலையில் அவர் கால் வைத்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவிடாமல் தடுத்தது ஒரு படிவம். வேட்டைக்குப் பதிவு செய்தபோது, எல்க் மான் வேட்டையில் அனுபவம் எத்தனை ஆண்டு என்றொரு கேள்வி இருந்தது. ஆர்லோ பெக்ஸ்டட் அதில் 'பன்னிரண்டு' என்று எழுதிவிட்டார். அவர் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்ப்பவர். வாழ்நாளில் சுட்டது இரண்டு சின்ன மான். அதில் ஒன்று ஏற்கெனவே நொண்டி. குதிரை உயரம் நிற்கும் எல்க்கை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் படிவத்தில் பூஜ்யம் போட்டால், கிழவர்களோடும் குழந்தைகளோடும் சேர்த்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

பன்னிரண்டு வருட அனுபவசாலியின் முகத்தை வரவழைத்துக்கொண்டு இடப்பக்கம் நடந்தார். கைடு பின்னால் வந்தார்.

பரீட்சை வைக்கிறார் மனுஷன் என்று ஆர்லோ நினைத்துக்கொண்டார்.

இந்தப் பயணம் அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. பஸ் பட்டறையில் மூன்று பேர் அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். கைடு வைத்து எல்க் வேட்டை ஆடுவது கொடுக்கிற காசுக்குத் தகுமா, இல்லை ஏமாற்று வேலையா என்று ஆர்லோ போய்ப் பார்த்துவந்து சொன்னால், அடுத்த வருடம் அவர்களும் வருவதாக ஏற்பாடு. அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டில் இருந்தது. செலவானது சமையலறையை மாற்றிக் கட்ட வைத்திருந்த பணம். மனைவி மார்விஸ் சண்டை போடவில்லை. வழியனுப்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். குடுத்த காசுக்கு இது தகுமா? யோசிக்காம பதில் சொல்லணும். யோசிச்சீங்கன்னா எனக்குப் புரிஞ்சிடும்."

புதுத் துணியில் போனால் கற்றுக்குட்டி என்று தெரிந்துவிடும் என்று, அவளுடைய அண்ணனின் ஒட்டுப் போட்ட கோட்டையும் எண்ணெய்ப் பிசுக்கேறிய தொப்பியையும் கடன் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வேட்டைக்கு ஏற்பாடு செய்யும் ட்ரூடி அம்மாள் தொலைபேசியில் நம்பிக்கையாகத்தான் பேசினாள். திங்கட்கிழமை மத்தியானம் மலையடி மரவீட்டுக்கு வந்துவிட வேண்டும், கைடு வந்து கூட்டிப் போவார், மேலே புல்வெளியில் கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் தயாராக இருக்கும் என்றாள். "எங்கிட்ட இருபது வருஷமா இருக்கார். அதிகம் பேசமாட்டார். பாத்த உடனே நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க," என்றாள்.

அதுவும் உண்மைதான். மரவீட்டுப் படியில் நரைத்த மீசையும் கன்னத்தில் தழும்புமாக, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஆர்லோ தன் பெயரைச் சொன்னார். அவர் "லைமன்," என்றார். அதற்குப் பிறகு பேச இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து லைமன், "நீங்க ரெடின்னா போலாம்," என்றார். இரண்டு பேரும் எழுந்தார்கள்.

வெளிச்சம் மங்கும்வரை நடந்தும் கூடாரம் எதுவும் தென்படவில்லை. எந்தக் காலத்திலோ ஆட்டுக்காரர்கள் கட்டிப்போட்ட பலகைக் குடிசை ஒன்று, பாதிக் கூரையோடு நின்றிருந்தது. ஆர்லோவின் கால்கள் இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம் என்றன. பையை இறக்கி வைத்தார். லைமன் குடிசையைப் பார்த்தார், ஆர்லோவைப் பார்த்தார், தானும் பையை இறக்கினார்.

"இங்கதானா," என்றார்.

கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. கைடு ஒப்புக்கொண்ட இடத்தைக் குறை சொன்னால் நன்றாக இருக்காது என்று ஆர்லோ, "நல்ல இடம்தான்," என்றார்.

அடுப்பு கிடையாது. மார்விஸ் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சில் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். லைமன் தன் பையிலிருந்து உலர்ந்த இறைச்சியைக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு இப்படி ஒரு விருந்தா என்று ஆர்லோவுக்கு எரிந்தது. பட்டறையில் சொல்லப்போகும் தீர்ப்பை மனதுக்குள் அப்போதே எழுதிவிட்டார். அது நல்ல தீர்ப்பில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். சரிவில் பாதி ஏறியிருக்கும்போது கீழே காட்டுக்குள் சுள்ளிகள் முறியும் சத்தம் கேட்டது. ஏதோ கனமான ஒன்று, அவர்கள் வந்த வழியாகவே வந்துகொண்டிருந்தது. இருவரும் அசையாமல் நின்றார்கள். சத்தம் நின்றது. நடந்தார்கள். சத்தமும் நடந்தது. அப்புறம் காற்றில் நசுங்கிப்போய் ஓர் உறுமல் கேட்டது.

இந்த மலையில் கரடி உண்டு என்று மரவீட்டுச் சுவரில் எழுதியே போட்டிருந்தார்கள். மனிதனுடைய தடத்தைப் பிடித்துக்கொண்டு கரடி வரும் என்று மட்டும் எழுதவில்லை.

லைமனின் முகம் வெளுத்திருந்தது. தாழ்ந்த குரலில் அவர் ஆர்லோவிடம், "என்ன செய்யலாம்ங்கறீங்க?" என்றார்.

இந்த நிலைமையிலும் பரீட்சையா என்று ஆர்லோவுக்குத் தோன்றியது. ஆனாலும் எப்போதோ படித்த துண்டுப் பிரசுரம் ஞாபகத்துக்கு வந்தது. "ஓடக் கூடாது. ஓடினா துரத்தும். வேகமா நடக்கலாம்," என்றார்.

வேகமாக நடந்தார்கள். தள்ளி நின்று பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மேடு ஏறி, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, ஆர்லோவின் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்த இடத்தில் நின்றார்கள். பின்னால் மறுபடியும் உறுமல். முன்னைவிடக் கிட்டே.

அடுத்த யோசனையும் ஆர்லோவுடையதுதான். சாப்பாட்டு வாசனைக்குத்தான் அது வருகிறது, இருப்பதை எல்லாம் வழியில் போட்டுவிட்டால் தின்றுவிட்டு அங்கேயே நின்றுவிடும் என்றார். மிச்சமிருந்த சாண்ட்விச்சுகளையும் லைமனின் இறைச்சியையும் ஒரு பாறைமேல் பரப்பி வைத்தார்கள். அரை மணி நேரம் நிம்மதி. அதற்குப் பிறகு சுள்ளி முறியும் சத்தம் புதுத் தெம்போடு கேட்டது. இப்போது கரடியும் இருந்தது, பசியும் இருந்தது.

"தண்ணியில இறங்கினா தடம் விட்டுப்போகும்," என்றார் ஆர்லோ. அது கரடிக்கா, போலீஸ் நாய்க்கா என்று அவருக்கே நிச்சயமில்லை. லைமன் ஏன் என்றுகூடக் கேட்காமல் ஓடையில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், பனி உருகி வந்த தண்ணீர். நடு ஓடையில் ஒரு வழுக்குக் கல் ஆர்லோவின் காலை வாரிவிட்டது. துப்பாக்கியை மேலே தூக்கிப் பிடித்தபடி அவர் மூழ்கினார். தலை வெளியே வந்தபோது கோட்டின் காலரை லைமனின் கை பிடித்திருந்தது. கரை சேரும்வரை அந்தக் கை விடவில்லை.

கரையேறிய சமயத்தில் பனி கொட்டத் தொடங்கியது.

ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். ஆர்லோவின் பற்கள் தட்டச்சு மெஷின் போலத் தட்டின. லைமன் நாலு தீக்குச்சியை வீணாக்கி, ஐந்தாவதில் நெருப்பு மூட்டினார். இருபது வருடத் தொழிலுக்கு இது கொஞ்சம் மோசம் என்று ஆர்லோ நினைத்தார். அதற்குள் லைமன் தன் பையின் அடியிலிருந்து காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். ஈரக் காலோடு அவர் நெருப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

ஆர்லோ சாக்ஸை மாட்டிக்கொண்டார். மனதில் எழுதி வைத்திருந்த தீர்ப்பில் இரண்டு மூன்று வரிகளை அழித்தார்.

புதன்கிழமை காலையில் பனி நின்றிருந்தது. பின்னால் சத்தம் எதுவும் இல்லை. பசியில் தலை லேசாகச் சுற்ற, கடைசி மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

கீழே சின்னப் புல்வெளி. அதில் பதினைந்து பெட்டை எல்க்குகள் பனியைக் காலால் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஆண் எல்க் ஒன்று, கொம்பு முதுகைத் தொட, மூக்கிலிருந்து ஆவி பறக்க நின்றது. இருநூறு அடிகூட இருக்காது. காற்று இவர்கள் பக்கம் வீசியது. உலகத்தில் எந்த வேட்டைக்காரனுக்கும் இதைவிட நல்ல இடம் அமையாது.

ஆர்லோ துப்பாக்கியைப் பாறைமேல் வைத்துக் குறி பார்த்தார். இதயம் அடிக்கிற அடியில் கொம்பு துப்பாக்கியின் குறிக் கண்ணாடிக்குள் மேலும் கீழுமாக ஆடியது. இப்போது சுடலாமா, அது இன்னும் கொஞ்சம் திரும்பட்டுமா? கைடு சைகை காட்டாமல் சுடக் கூடாது என்று ட்ரூடி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஓரக்கண்ணால் லைமனைப் பார்த்தார்.

லைமனும் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தார். அவரும் ஆர்லோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்லோ புருவத்தை உயர்த்தினார். லைமன் முகவாயை லேசாக அசைத்தார். அது 'சுடுங்கள்' என்பதா, 'பொறுங்கள்' என்பதா? ஆர்லோவும் முகவாயை அசைத்துப் பார்த்தார். லைமன் உடனே விரலைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிட்டார். அப்படியானால் பொறுக்கத்தான் சொல்கிறார் என்று ஆர்லோவும் விரலை எடுத்தார். எல்க் தலையைத் தூக்கி, இந்த மேட்டை நேராகப் பார்த்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பாறைமேல் இருந்த ஆர்லோவின் முழங்கை மரத்துவிட்டது. எல்க் அவசரமில்லாமல் திரும்பி, பெட்டைகளை முன்னால் விட்டு மரங்களுக்குள் போய் மறைந்தது.

இருவரும் துப்பாக்கிகளை இறக்கினார்கள்.

"அழகா இருந்துச்சு," என்றார் லைமன். மூன்று நாளில் அவர் மனம்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

"ஆமா," என்றார் ஆர்லோ. அது பொய்யில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. இத்தனை பக்கத்தில் அதைப் பார்த்தாயிற்று. கரடியிடமிருந்து தப்பியாயிற்று. ஓடையில் போகவிருந்த உயிரைப் பிடித்து இழுத்த ஆள் பக்கத்தில் இருக்கிறார், அதுவும் ஈர சாக்ஸோடு. மார்விஸ் இப்போது எதிரில் வந்து நின்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தகும். கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டலாம் என்று பட்டறையிலும் சொல்லிவிடலாம். கைடு என்றால் இவரல்லவா கைடு.

ஓடையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார்கள். இந்த முறையும் லைமன் ஆர்லோவை முன்னால் விட்டார். ஆர்லோவுக்கு அதில் இப்போது பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீர் எப்படியும் கீழேதான் போகும் என்ற ஒரே அறிவை வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் மரவீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

மரவீட்டு வாசலில் பையை இறக்கினார்கள். வேட்டை முடிந்ததும் கைடுக்கு இனாம் கொடுப்பது வழக்கம். கோட்டின் உள்பையில், இரண்டு முறை பிளாஸ்டிக்கில் சுற்றி ஓர் உறை வைத்திருந்தார் ஆர்லோ. செவ்வாய்க்கிழமை காலையில் அதைக் கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தார். இப்போது அது போதுமா என்று கூச்சமாக இருந்தது. கையில் இருந்த சில்லறை நோட்டுகளையும் அதற்குள் திணித்தார்.

"என் நினைவா இதை வெச்சுக்கணும். மறுக்கக் கூடாது," என்று நீட்டினார்.

லைமன் அதை வாங்கவில்லை. அவருடைய கையிலும் ஓர் உறை இருந்தது. அதுவும் ஆர்லோவை நோக்கித்தான் நீண்டிருந்தது.

"நானே குடுக்கணும்னு இருந்தேன்," என்றார் லைமன். "நீங்க மட்டும் இல்லேன்னா அந்தக் கரடிகிட்டேர்ந்து நான் தப்பிச்சிருக்க மாட்டேன்."

எல்க் கிடைக்கவில்லை என்று கைடே பணத்தைத் திருப்பித் தருகிறாரா? இப்படியும் ஒரு நேர்மையா? ஆர்லோ அந்த உறையைப் பார்த்தார். லைமன் இந்த உறையைப் பார்த்தார். இரண்டு உறைகளும் வாங்குவாரில்லாமல் நடுவில் நின்றன.

மரவீட்டைச் சுற்றிக்கொண்டு ட்ரூடி அம்மாள் இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்தாள். ஒன்றின் முதுகில் ஓர் ஆள் கவிழ்ந்து கிடந்தார். தாடியில் பைன் ஊசிகள். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இவர்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஏதோ சொல்ல முயன்றார், கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டையிலிருந்து ஓர் உறுமல்தான் வந்தது.

ட்ரூடி அம்மாள் இரண்டு உறைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டையும் இவர்கிட்ட குடுங்க. இவர்தான் உங்க ரெண்டு பேருக்கும் கைடு. நில்லுங்க நில்லுங்கன்னு கத்திக்கிட்டே திங்கக்கிழமையிலேர்ந்து உங்க பின்னாலயே ஓடி வந்திருக்கார்."